கிற்றார் கொடுப்பதோடு முடிகிற வேலையல்ல

ஐக்கிய அமெரிக்காவின் சிறு பட்டணங்களிலே றோட்டறி, லயன்ஸ், கிவானிஸ் போன்ற சேவைக் கழகங்கள் கூடும் முறை ஏறக்குறைய ஒரே மாதிரியானது. சாப்பாடு, தலைவர் அடிக்கும் மணி, கொடி வணக்கம், பின்பு விருந்தினர் ஒருவரின் பேச்சு. பேச வருபவர் சில வேளைகளில் ஓர் இசைச் சிகிச்சையாளராக இருப்பார். போருக்குப் போய் வந்தவர்கள் நித்திரையின்றித் தவிப்பதையும், இசையைக் கொண்டு தாம் அவர்களோடு செய்யும் வேலையையும் அவர் விளக்குவார். கைதட்டல் கிடைக்கும், காசோலை ஒன்றும் கிடைக்கலாம். அதன் பின் என்ன நடக்கிறது என்பதே எமது கேள்வி.

'படைக்குப் போனவனுக்குப் பாட்டு வைத்தியமா? காணியை விட்டு வந்த எமக்கு அதிலென்ன?' என்று வாசகர்கள் கேட்கலாம். கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் போர் உடம்புக்குள் விட்டுச் செல்லும் நடுக்கம் சீருடையைப் பார்த்து வருவதில்லை. திருவிழா வெடிச் சத்தத்துக்குப் பிள்ளையை அணைத்துக்கொண்டு நிலத்தில் குந்தும் தாய்மாரை நாம் அறிவோம். அமெரிக்காவிலும் யூலை 4ஆம் திகதிச் சுதந்திர தின வாணவேடிக்கை முன்னாள் வீரர் பலருக்குக் கொண்டாட்டமாக இருப்பதில்லை. அந்த நோவுக்கு அங்கே என்ன செய்தார்கள், அதில் எது நிலைத்தது என்று அறிவது எமக்கும் பயன்படும்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், காயப்பட்டோர் நிறைந்த வைத்தியசாலைகளுக்கு இசைஞர்கள் போய் வாசித்தார்கள். நோயாளரிடம் மாற்றத்தைக் கண்ட வைத்தியர்கள் அவர்களை வேலைக்கு அமர்த்த விரும்பினார்கள். ஆனால் நல்ல மனமும் நல்ல குரலும் போதவில்லை. ஒருவனை ஆற்றும் பாட்டே இன்னொருவனின் புண்ணைக் கிளறிவிடும். யாருக்கு எது, எவ்வளவு என்று தெரிந்த ஆள் வேண்டியிருந்தது. 1944இல் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் இதற்கெனப் பட்டப்படிப்புத் தொடங்கியது. 1950இல் தேசியச் சங்கம் அமைந்தது. இன்று அங்கே 1,200 மணி நேரப் பயிற்சி முடித்துப் பரீட்சையில் சித்தியடைந்த பின்பே ஒருவர் சான்றிதழ் பெற்ற இசைச் சிகிச்சையாளராகிறார்.

அவர் செய்வது கச்சேரி அல்ல. ஓர் உதாரணம் சொல்வோம். மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டுப் பேச்சை இழந்தவர், தண்ணீர் வேண்டுமென்று கேட்கமாட்டார். ஆனால் பழகிய பாட்டொன்றைச் சொற்களோடு பாடுவார். பொஸ்ரன் நகரிலுள்ள முன்னாள் படைவீரர் வைத்தியசாலையில் பணியாற்றியோர் இதைக் கொண்டு ஒரு முறையை வகுத்து 1973இல் வெளியிட்டார்கள். அன்றாடம் தேவையான சிறு வசனத்தை ஏற்ற இறக்கமான இரண்டு சுரங்களில் பாடச் செய்து, ஒவ்வோர் அசைக்கும் நோயாளியின் இடக்கையைத் தட்டுவார்கள். நாள் செல்லச் செல்ல இராகத்தைக் குறைத்துப் பேச்சாக்குவார்கள். பாரிசவாத நோயாளருக்கும் இது பயன்படுகிறது. ஒருவர் பக்கத்தில் இருந்து, கிழமைக்குக் கிழமை பொறுமையோடு செய்யவேண்டிய வேலை இது.

2007இல் மில்வோக்கி நகரில் ஒரு கிற்றார் ஆசிரியரும் வியட்னாம் போருக்குப் போய் வந்த ஒருவரும் 'கிற்றார்ஸ் ஃபோர் வெற்ஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். முன்னாள் வீரருக்குத் தனித்தனியாகப் பத்துப் பாடங்கள் நடக்கும். முடித்தவருக்கே சொந்தமாக ஒரு கிற்றார். கண்டிப்பாகச் சொன்னால் இது சிகிச்சை அல்ல, அப்படி அழைப்பதும் சரியல்ல. ஆயினும் முதலில் ஆள், பிறகு கருவி என்ற அந்த ஒழுங்கு எமக்குப் பிடித்திருக்கிறது.

பெரும்பாலான உதவிகள் இதற்கு நேர்மாறாகவே வருகின்றன. படம் பிடித்துக் கையளிக்கப்பட்ட நீர்ப்பம்பி, திருத்த ஆளில்லாமல் கொட்டிலில் கறள்பிடித்துக் கிடப்பதைக் காணாத விவசாயி எமது பக்கத்தில் உண்டா? கருவிக்குக் காசு சேர்ப்பது இலகு. வருபவரின் சம்பளத்துக்கும் பயணச் செலவுக்கும் காசு கேட்டால் முகங்கள் மாறுகின்றன. படம் பிடிக்க அதில் ஒன்றுமில்லை அல்லவா!

கழகங்களால் முடியாது என்று நாம் சொல்லவில்லை. 1925இல் ஒஹாயோ மாநிலத்தில் கூடிய லயன்ஸ் மாநாட்டில், கண்ணும் காதும் இழந்த ஹெலன் கெலர் அம்மையார் எழுந்து, பார்வையற்றோருக்காக உழைக்க வாருங்கள் என்று அழைத்தார். அதுவும் ஒரு கூட்டத்துப் பேச்சுத்தான். எமது ஊர்களில் அக்கழகத்தார் நடத்தும் கண் முகாம்களும் அந்த வழியில் வந்தவையே.

ஆகவே பத்துக் கிற்றார்களுக்குக் காசு சேர்த்த கழகம் ஐந்தை வாங்கட்டும். மிச்சத்தை அந்தச் சிகிச்சையாளர் தொடர்ந்து வந்துபோவதற்குக் கொடுக்கட்டும். எமது கிராமத்துக்கும் மத்தளமும் ஒலிபெருக்கியும் கொண்டு எவரேனும் மனக்காயம் ஆற்ற வந்தால், சங்கக் கூட்டத்தில் அவரை இருத்தி, அடுத்த கிழமை யார் வருவார், அதற்கடுத்த கிழமை யார் வருவார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைக் கூட்டறிக்கைப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.