செருப்புப் போட ஒரு சாசனம்

போன வாரம் ஆரணியிலிருந்து ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் செப்பேட்டுப் படம் ஒன்றை அனுப்பினார். கல்லூரி மாணவர், நம் கூட்டங்களுக்கு வருபவர். கீழே ஒரு வரி: "அண்ணா, நாங்களும் ஆண்ட பரம்பரைதான், ஆதாரம் இருக்கு."

இருக்கட்டும் தம்பி. இப்படிப்பட்ட சாசனங்கள் உண்மையில் என்ன கொடுத்தன என்று பார்ப்போம்.

கொங்கு நாட்டுக் கம்மாளருக்குக் கோனேரின்மைகொண்டான் என்ற பட்டப்பெயரில் ஓர் அரசாணை போனது, கல்வெட்டாகவே இருக்கிறது. நல்லது கெட்டதுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே போகும்போது செருப்புப் போடலாம். வீட்டுக்குச் சாந்து பூசலாம். இதைப் பெருமையாகப் படிக்கிறவர்கள் ஒரு தடவை தலைகீழாகவும் படிக்க வேண்டும். கோயிலுக்குக் கல் செதுக்கியவனுக்கே அதுவரை காலில் செருப்புப் போட உரிமை இல்லை! அந்தச் செருப்பைத் தைத்தவனுக்கோ அந்த ஆணையில் ஒரு வரிகூடக் கிடையாது.

நெசவாளர் கதையும் இதுதான். 15ஆம் நூற்றாண்டில், விஜயநகர ஆட்சியில், கைக்கோளர் தண்டும் சங்கும் கேட்டார்கள், அதாவது பல்லக்கும் சங்கும். காஞ்சிபுரத்திலும் விரிஞ்சிபுரத்திலும் இருப்பவர்களுக்கு உண்டே, எங்களுக்கு ஏன் இல்லை என்பதுதான் வழக்கு. விரிஞ்சிபுரம் வேறெங்கோ இல்லை, நம் வேலூர்ப் பக்கம். 1705இல் மதுரையில் பட்டுநூல்காரர் பதினெட்டுப் பேர் பூணூல் சடங்கு செய்ததற்காகக் கைதானார்கள். ராணி மங்கம்மாள் சாஸ்திரம் படித்தவர்களைக் கூட்டி விசாரித்து, செய்யலாம் என்று ஓலை கொடுத்தார். கைது அநியாயம், சந்தேகமில்லை. ஆனால் ஓலை பூணூலைப் பதினெட்டுப் பேர் பக்கம் நகர்த்தியதே தவிர, பூணூலின் அதிகாரத்தைத் தொடவில்லை.

ஸ்பெயினிலும் இதே வியாபாரம். வயாதோலித், கிரனாதா நீதிமன்றங்களில் வழக்காடி ஜெயித்தால் அரசன் பெயரில் தோல் ஏட்டில், வண்ணப்படம் போட்டு, 'எஹெகுத்தோரியா' கிடைக்கும். என் பாட்டன் வரி கட்டியதில்லை, அதனால் நான் பிரபு, இதுதான் வாதம். வரியைச் சுமந்தவன் யார்? ஏடு இல்லாத குடியானவன். யூத ரத்தம் கலக்காத 'சுத்த ரத்தம்' வேண்டும் என்று 1449இலேயே தொலேதோ நகரம் சட்டம் போட்டது. 'காஸ்ட்' என்ற ஆங்கிலச் சொல்லின் மூலமான 'காஸ்தா' அந்தத் தீபகற்பத்திலிருந்து வந்ததுதான்.

அம்பேத்கர் இதைப் படிநிலைச் சமத்துவமின்மை என்றார். ஒவ்வொருவனுக்கும் கீழே மிதிக்க இன்னொருவன் இருப்பதால் ஏணியை உடைக்க யாருக்கும் மனம் வருவதில்லை. இப்போது நம்மிலும் சிலர் செப்பேடு தேடக் கிளம்பியிருக்கிறோம். எனக்கு அதுதான் வலிக்கிறது.

"உங்க சாதிச் சான்றிதழும் ஒரு தாள்தானே" என்பார்கள். இல்லை. அது பட்டயம் அல்ல, பறிக்கப்பட்டதற்கான பற்றுச்சீட்டு. அதையும் முழுதாகத் தரவில்லை: 1950 குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களுக்கு மட்டும் என்றது, 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்ந்தார்கள். ஞானஸ்நானம் வாங்கிய நம் சித்தப்பா பிள்ளைகள் இன்னும் வெளியே நிற்கிறார்கள்.

தம்பி, செப்பேட்டை விடு. அந்த ஆணையின் மூன்றாம் பத்தியை எடுத்துப் படி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசுவோம்.