ஜன்னல் கண்ணாடிக்கு ஒரு கைவைத்தியம்



கூரை ஓடு உடைந்தால் அடுத்த மழையே காட்டிக் கொடுத்துவிடும். கதவின் கீல் கழன்றால் திறக்கும்போதெல்லாம் முனகும். ஜன்னல் கண்ணாடியில் விரிசல் விழுந்தால் மட்டும் வீட்டில் எந்த வேலையும் நிற்பதில்லை. வெளிச்சம் வழமை போல் வருகிறது. காற்றும் பெரிதாகப் புகுவதில்லை. எனவே “பிறகு பார்த்துக் கொள்வோம்” என்று திரைச்சீலையை இழுத்து விட்டுவிடுகிறோம். அந்தத் திரைக்குப் பின்னால்தான் நமது பிள்ளைகள் ஒளிந்து விளையாடுகிறார்கள் என்பது ஏனோ நம் நினைவுக்கு வருவதில்லை.

தலைமன்னாரில் இருப்போருக்குக் கண்ணாடி வெட்டி வாங்குவதென்றால் பொதுவாக மன்னார் நகரத்துக்குத்தான் போக வேண்டும். ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தூரம். கடலை நம்பிப் பிழைப்பவருக்கும் நாட்கூலிக்குப் போகிறவருக்கும் அது ஒரு நாள் உழைப்பு. விடுமுறை நாளில் உடைந்தால் கடையும் திறந்திராது. ஆகவே கண்ணாடி வந்து சேரும் வரை வீட்டிலேயே ஏதாவது செய்துகொள்வது தவிர்க்க முடியாதது. அதை எப்படிச் செய்வது, எங்கே நிறுத்திக்கொள்வது என்பதையே இம்மாதம் பார்ப்போம்.

விரிசல் ஏன் வளர்கிறது?

கண்ணாடிக் கடையில் வெட்டுபவரின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? அவர் கண்ணாடியை அறுப்பதில்லை. சிறு சக்கரம் பொருத்திய கருவியால் மேலே ஒரு கீறல் மட்டும் போடுகிறார். பிறகு மெல்ல அழுத்துகிறார். கீறல் போன வழியே கண்ணாடி இரண்டாகிவிடுகிறது. நமது ஜன்னலில் விழுந்த விரிசலும் அப்படிப்பட்ட கீறல்தான். அழுத்துவதற்குக் கடைக்காரரின் கை இல்லை. அதற்குப் பதிலாகக் காற்று இருக்கிறது.

கண்ணாடியைத் தாக்கும் விசை முழுவதும் விரிசலின் நுனியில் போய்க் குவிகிறது என்பதை கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1921 இல் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். விரிசல் நீள நீள, அதை மேலும் நீட்டுவதற்குத் தேவையான விசை குறைந்துகொண்டே போகும். காற்றிலுள்ள ஈரமும் சும்மா இருப்பதில்லை. நுனிக்குள் புகும் நீர், கண்ணாடியின் உட்பிணைப்பைத் தளர்த்துகிறது. யாரும் தொடாமலே இரவில் விரிசல் ஓர் அங்குலம் கூடியிருப்பதைக் காலையில் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம். வெயிலும் தன் பங்கைச் செய்கிறது. கண்ணாடியின் நடுப்பகுதி சூடாகி விரிய முயலும்போது, மரச்சட்டத்துக்குள் மறைந்திருக்கும் ஓரம் சூடாகாமல் இருக்கிறது. அந்த இழுபறியில் விரிசல் நகர்கிறது.

காற்று, ஈரம், வெயில் மூன்றுக்கும் நமது தீவில் பஞ்சமில்லை. சோளகம் எழுந்தால் மாதக்கணக்கில் அடிக்கும். அது ஓய்ந்த பின் வாடை வரும். மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசம்பரில் திறக்கப்பட்ட ‘தம்பபவனி’ மின்நிலையத்தின் 30 காற்றாடிகள் இந்தக் காற்றை நம்பித்தான் அங்கே நிற்கின்றன. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகக் காற்று, 2 அடி அகலமும் 3 அடி உயரமும் கொண்ட கண்ணாடியை ஏறத்தாழ 9 கிலோ பாரத்துக்குச் சமமாகத் தள்ளும். வேகம் 90 ஆனால் அது 20 கிலோவைத் தாண்டிவிடும்.

முதலில் கண்ணால் பாருங்கள்

எந்த விரிசலுக்குக் கைவைத்தியம் போதும், எதற்குப் போதாது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

ஒற்றைக் கோடாக ஓடி, இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்து, கண்ணாடி சட்டத்தில் இறுக்கமாக நின்றால் டேப் ஒட்டிச் சில நாள் சமாளிக்கலாம். விரிசல் ஓர் ஓரத்தில் தொடங்கி இன்னோர் ஓரத்தைத் தொட்டுவிட்டால், நடுவில் அகப்பட்ட துண்டை அதன் பிறகு பிடித்திருப்பது பழைய புட்டி மட்டுமே. நட்சத்திரம் போலப் பல கோடுகள் பிரிந்திருந்தாலும், ஒரு துண்டு முன்னே தள்ளி நின்றாலும், காற்றடிக்கும்போது கிறீச்சென்று சத்தம் வந்தாலும் டேப்பை நம்ப வேண்டாம். தொட்டிலுக்கும் கட்டிலுக்கும் மேலுள்ள கண்ணாடி, கதவில் பதித்த கண்ணாடி, ஆட்கள் நடமாடும் பக்கமாக உள்ள மாடிக் கண்ணாடி ஆகியவையும் இந்த வகையில் சேரும். 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள கண்ணாடியானாலும், மேலே சொன்ன அளவில் அதன் நிறை 4 கிலோவுக்கு மேல். அதில் பாதி விழுந்தாலும் சிறு பிள்ளையின் நிலை என்னவாகும்?

கண்ணாடி மாற்றும் வரை கட்டிலை நகர்த்துங்கள். ஜன்னல் பலகையைக் கொக்கியிட்டு அசையாமல் வையுங்கள். பணம் செலவில்லாத இந்த இரண்டு வேலையும்தான் முதல் வைத்தியம்.

டேப் ஒட்டும் முறை

தடித்த கையுறை, காலில் செருப்பு, இயன்றால் கண்ணுக்கு மூக்குக்கண்ணாடி. பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

கடலோர வீடுகளில் டேப் இரண்டாம் நாளே உரிந்து தொங்குவதற்குக் காரணம் உப்பு. கண்ணாடி மேல் படிந்திருக்கும் உப்புப் படலம் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் விரிசலை அழுத்தாமல் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, நன்றாகக் காயவிடுங்கள். சிறிது ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் இன்னும் நல்லது. பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் செய்வது உகந்தது.

பெட்டி ஒட்டப் பயன்படும் 2 அங்குல அகலமான தெளிந்த டேப் போதும். விரிசலின் கோடு டேப்பின் நடுவில் வரும்படி, நுனியைத் தாண்டியும் 2 அங்குலம் போகும்படி ஒட்டுங்கள். வெளிப்பக்கம் கைக்கு எட்டுமானால் அங்கும் ஒட்டுங்கள். உள்ளே குமிழி இல்லாமல் துணியால் மெல்லத் தடவிவிடுங்கள்.

அங்குலக் கணக்கில் இருக்கும் சிறு கீறலுக்கு நிறமில்லாத கியூடெக்ஸ் தடவும் வழக்கமும் உண்டு. வுழூவின் தண்ணீர் நகத்தில் படாது என்பதால் நமது பல வீடுகளில் அந்தப் போத்தலைக் காண்பது அரிது. ஜன்னலுக்கென்று வாங்கினால் அதில் பிழையொன்றுமில்லை! ஒரு பூச்சு காய்ந்த பின் மறு பூச்சு என்று இரண்டு மூன்று முறை தடவினால், தூசியும் ஈரமும் உள்ளே போவது குறையும். சுப்பர் குளூவும் இதைச் செய்யும். ஆனால் அது விரலோடு விரலை ஒட்டிவிடும். ஆவி கண்ணை எரிக்கும். ஜன்னல்களைத் திறந்து வைத்துப் பெரியவர்கள் மட்டும் கையாள வேண்டும். எதைத் தடவினாலும் கண்ணாடிக்குப் பழைய பலம் திரும்பி வந்துவிட்டதாக எண்ணாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். விரிசல் மறையட்டும் என்று கறுப்புத் தாளையோ தடித்த அட்டையையோ கண்ணாடியோடு சேர்த்து ஒட்டினால், வெயிலில் அது சூட்டைப் பிடித்து வைத்து விரிசலை வளர்க்கும்.

ஓட்டை விழுந்துவிட்டால்

துண்டு விழுந்து ஓட்டையாகிவிட்டால், எஞ்சியவற்றை எடுத்துவிடுவதே பாதுகாப்பு. முதலில் அவற்றின் இரு பக்கமும் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். பிறகு மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். கீழிருந்து தொடங்கினால் மேலே நிற்பது கையில் விழும்.

வெறுமையான சட்டத்துக்குப் பிளைவுட் துண்டு இருந்தால் மிகவும் நல்லது. இல்லாவிட்டால் தடித்த பொலித்தீனை இரண்டாக மடித்து, சட்டத்தின் வெளிப்பக்கமாக விரித்து, ஓரங்களில் மெல்லிய மரச்சட்டங்களை வைத்து ஆணியடியுங்கள். வெளியே அடித்தால் காற்று அதைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்தும். உள்ளே அடித்தால் காற்று ஆணியைப் பிடுங்கப் பார்க்கும். கார்ட்போட் அட்டை ஓரிரவுக்கு உதவும். மழை பட்டால் அது நனைந்து கூழாகிவிடும்.

விழுந்த சில்லுகளைப் பெருக்குவதோடு நிறுத்தாதீர்கள். தும்புத்தடிக்கு அகப்படாத பொடியை ஈரமான பத்திரிகைத் தாளால் ஒற்றியெடுங்கள். இரவில் விளக்கை அணைத்து, டோர்ச்சைத் தரையோடு தரையாகப் பிடித்தால் மிச்சமிருப்பது மின்னிக் காட்டும். எல்லாவற்றையும் வெற்றுப் பால்மா டின்னிலிட்டு, மூடி, டேப் சுற்றி, ‘கண்ணாடி’ என்று எழுதிக் குப்பை எடுப்பவரிடம் சொல்லிக் கொடுங்கள். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளையாக நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். நமது வீட்டுச் சில்லைப் பிறர் கால் படும் கடற்கரை மணலில் கொட்டலாமா?

கையில் ஆழமாகக் கண்ணாடி ஏறிவிட்டால் பிடுங்க வேண்டாம். அது நிற்கும் இடத்தை விட்டு இரு பக்கமும் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

புயல் நாளில் டேப் கவசமாகாது

புயல் அறிவிப்பு வந்தால் கண்ணாடியில் பெருக்கல் குறி போல் டேப் ஒட்டும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. இரண்டாம் உலகப் போரில் லண்டன் மக்கள் குண்டுவெடிப்புக்கு அஞ்சி ஒட்டியதைப் பழைய படங்களில் காணலாம். டேப் கண்ணாடி உடைவதைத் தடுக்காது. சில வேளை உடையும் துண்டுகள் பெரிதாகி, கூடுதல் ஆபத்தாகவும் பறக்கும். 1964 டிசம்பரில் வட இலங்கையைக் கடந்து எதிர்க்கரைத் தனுஷ்கோடியை அழித்த புயலைக் கேள்விப்படாத குடும்பம் நம்மிடையே குறைவு. 2020 டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி நமது பக்கமாகவே மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கியது. அத்தகைய இரவில் விரிசலுள்ள ஜன்னலுக்கு வெளியே பலகை அடியுங்கள். அது முடியாவிட்டால் அந்த அறையில் யாரும் உறங்க வேண்டாம்.

தற்காலிகம் என்ற சொல்

இந்தச் சொல்லின் பொருளை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவின் மக்கள் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் குடிசைகள் ‘தற்காலிகம்’ என்றுதான் எழுந்தன. அந்தத் தற்காலிகம் பலருக்கு இருபது ஆண்டுகளைத் தாண்டியது. பிள்ளைகள் அதற்குள்ளேயே பிறந்து வளர்ந்தார்கள். அன்று தற்காலிகத்தை முடித்துவைப்பது நமது கையில் இருக்கவில்லை. ஜன்னலில் ஒட்டிய டேப்பை முடித்துவைப்பது நமது கையில்தான் இருக்கிறது.

அதற்கு ஒரு சிறு வழி. டேப் ஒட்டிய அன்றே அதன் மூலையில் பேனையால் திகதியை எழுதுங்கள். விரிசல் நிற்கும் நுனியில் ஒரு புள்ளி வையுங்கள். புள்ளியை விரிசல் தாண்டியிருந்தால் காத்திருக்க நேரமில்லை என்று பொருள். தாண்டாவிட்டாலும், எழுதிய திகதி நாள்தோறும் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

டேப் ஒட்டிய கையோடு அளவையும் எடுத்துவிடுங்கள். கண்ணாடி அமரும் பள்ளத்தின் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, சிறிய அளவை எடுங்கள். உயரத்தையும் அவ்வாறே எடுங்கள். உப்புக் காற்றில் ஊதிய மரச்சட்டம் சதுரமாக இருப்பது அபூர்வம். இரண்டிலும் 3 மில்லிமீற்றரைக் குறைத்து எழுதிப் பணப்பையில் வையுங்கள். ஆஸ்பத்திரிக்கோ கச்சேரிக்கோ மன்னாருக்குப் போகும் நாளில் கண்ணாடியும் வந்துவிடும். பஸ்ஸில் கொண்டுவரும்போது தாள் சுற்றி நிமிர்த்திப் பிடியுங்கள். படுக்கவைத்தால் வீடு வந்து சேராது. பூட்டுவதற்குத் தச்சு பாஸுக்கு அதிக நேரம் பிடிக்காது.

வாடகை வீட்டில் இருப்போருக்கு ஒரு வார்த்தை. விரிசலைத் திரையால் மறைத்துவிட்டுச் சாவியைக் கொடுப்பது அமானிதத்துக்கு அழகல்ல. வீட்டுக்காரரிடம் முதல் நாளே சொல்லுங்கள். வீட்டுக்காரரும் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிட வேண்டாம். அந்தக் கண்ணாடிக்குக் கீழே உறங்குவது ஒரு பிள்ளை.

இந்தப் பக்கத்தை வாசித்து முடித்ததும் எழுந்து, வீட்டின் திரைச்சீலைகளை ஒரு முறை விலக்கிப் பாருங்கள்.