டிரெட்மில் வாங்குமுன்

இதய சிகிச்சையோ முழங்கால் அறுவை சிகிச்சையோ முடிந்து வீடு திரும்பும் பெற்றோருக்குப் பிள்ளைகள் அன்போடு டிரெட்மில் வாங்கித் தருவது இன்று வழக்கமாகிவிட்டது. அந்த அன்பை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும் பல வீடுகளில் தள்ளுபடி முதலிலும், விலை அடுத்தும், நோயாளியின் உடல்நிலை கடைசியிலும் கவனிக்கப்படுகின்றன. இவ்வரிசை மாற வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

கருவி தேவைதானா என்பது முதல் கேள்வி. பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பில் ஈடுபட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020இல் பரிந்துரைத்தது. மயிலாப்பூரில் நாகேஸ்வரராவ் பூங்காவும், பெசன்ட் நகரில் 2023இல் தொடங்கப்பட்ட எட்டு கிலோமீட்டர் நடைபாதையும் இதற்குச் செலவின்றிப் பயன்படும். மருத்துவர் அனுமதித்தவர்கள் அங்கே நடக்கலாம். துணையின்றி வெளியே செல்ல இயலாதவர்க்கும், படியிறங்க முடியாதவர்க்குமே வீட்டுக் கருவி உண்மையில் உதவுகிறது.

எந்தக் கருவி என்பது அடுத்த கேள்வி. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்க்கும், தலைச்சுற்றலோ தள்ளாட்டமோ உள்ளவர்க்கும் ஓடும் பட்டை ஆபத்தானது. முதுகைச் சாய்த்து அமர்ந்து மிதிக்கும் சைக்கிள் அவர்களுக்குப் பொருந்தலாம். முழங்கால் எவ்வளவு மடங்கும் என்பதறிந்தே அதன் இருக்கையின் தூரத்தை அமைக்க வேண்டும். இதைக் கடைக்காரர் அல்ல, இயன்முறை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

இயலுமாயின் கடைக்கு நோயாளியையே அழைத்துச் செல்லுங்கள். அவர் வழக்கமாக அணியும் காலணியோடு, மருத்துவர் அனுமதித்த அளவுக்குள் சில நிமிடங்கள் நடந்து பார்க்கட்டும். பட்டையின் தொடக்க வேகம் அவருடைய மெதுநடைக்கு ஏற்றதா? ஏறி நிற்கும் படி உயரமானதா? பக்கக் கைப்பிடி போதிய நீளம் உள்ளதா? சட்டையில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புச் சாவியை இழுத்தவுடன் பட்டை நிற்கிறதா? கருவி தாங்கும் எடை, பயன்படுத்துபவரின் எடையைவிடக் கணிசமாகக் கூடுதலாக இருக்கட்டும். மோட்டாரின் உச்சத்திறனைப் பெரிய எழுத்தில் அச்சிடுவார்கள். நீங்கள் தொடர் இயக்கத் திறனைக் கேளுங்கள்.

பின்னர் வீட்டை அளந்து பாருங்கள். டிரெட்மில்லின் பின்னே ஆறடி காலியாக இருந்தால்தான் தவறி விழுபவர் சுவரில் மோதமாட்டார். எர்த் இணைப்புள்ள தனி பிளக் வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் லிஃப்டில் பெட்டி நுழையுமா, கீழ்வீட்டுக்கு அதிர்வு கேட்குமா என்பதையும் எண்ணிப் பாருங்கள். கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று இரும்பை விரைவில் துருப்பிடிக்கச் செய்யும். எனவே பால்கனி உகந்த இடமன்று. மோட்டாருக்கு மட்டும் உத்தரவாதமா, பட்டைக்கும் மின்பலகைக்கும் உண்டா, பழுதுபார்ப்பவர் வீட்டுக்கு வருவாரா என எழுத்தில் பெறுங்கள்.

பேரக்குழந்தைகள் உள்ள வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். அமெரிக்காவில் ஒரு குழந்தை உயிரிழந்ததையும் பல விபத்துகளையும் அடுத்து, பெலோட்டான் நிறுவனம் 2021 மே மாதத்தில் தன் 'டிரெட் பிளஸ்' கருவிகள் சுமார் 1,25,000ஐத் திரும்பப் பெற நேர்ந்தது. பயிற்சி முடிந்ததும் சாவியைக் கழற்றி வைத்து, மின்னிணைப்பையும் துண்டியுங்கள்.

திரையில் தோன்றும் நாடித்துடிப்பை அப்படியே நம்ப வேண்டாம். இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மருந்து உட்கொள்வோருக்குக் கருவி காட்டும் இலக்கு பொருந்தாது. பயிற்சியின்போது பேச முடிகிறதா என்பது எளிய அளவுகோல். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாடுங்கள்.

வாங்கத் தீர்மானித்தவர்களும் ஒரு மாதம் பொறுக்கலாம். மருத்துவர் சொன்ன நேரம் அன்றாடம் வீட்டுக்கூடத்திலேயே நடந்து பாருங்கள். அப்பழக்கம் நிலைத்தால் கருவியும் பயன்படும். நிலைக்காவிடில் அது துணி உலர்த்தும் கொடியாகவே முடியும். அடுத்த பரிசோதனைக்கு வரும்போது கருவியின் விவரத்தாளையும் அறையின் அளவையும் உடன் கொண்டுவாருங்கள். முன்பணம் கட்டுமுன் அவற்றை இயன்முறை மருத்துவரிடம் காட்டுங்கள்.