காலநிலை மட்டுமே காரணமா?



"குடிப்பரம்பலில் செல்வாக்குச் செலுத்தும் காரணிகளை விளக்குக" என்பது புவியியலில் நீங்கள் நன்கு அறிந்த வினா. தரைத்தோற்றம், காலநிலை, மண், கனிய வளம் என விடை நீளும். "பாலைநிலங்களில் மக்கள் ஐதாக வாழ்வர்" என்ற வாக்கியமும் தவறாது இடம்பெறும். பட்டியலுக்குச் சில புள்ளிகள் கிடைக்கலாம். ஆனால் பட்டியலை மனனம் செய்தவர் உலகப் பிரதேசங்களை விளங்கிக்கொண்டவர் ஆகார் என்பதே எமது கருத்து.

எகிப்தை நோக்குங்கள். கெய்ரோவின் ஆண்டு மழைவீழ்ச்சி ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் மாத்திரமே. பட்டியலின்படி இங்கு மக்கள் ஐதாக வாழ வேண்டும். ஆனால் 2020ஆம் ஆண்டிலேயே இந்நாட்டின் குடித்தொகை 10 கோடியைத் தாண்டியது. பரப்போ சுமார் 10 இலட்சம் சதுர கிலோமீற்றர். சராசரி குடியடர்த்தி சதுர கிலோமீற்றருக்கு 100 பேர் என விடை எழுதிவிடலாம். எனினும் மக்களில் ஏறத்தாழ 95 சதவீதத்தினர் நிலப்பரப்பின் 5 சதவீதமளவான நைல் பள்ளத்தாக்கிலும் கழிமுகத்திலும் வாழ்கின்றனர். அங்கு அடர்த்தி 1,900 அளவில் வரும். சராசரி மறைப்பதை இக்கணக்கு காட்டுகின்றது.

அந்நீர் எகிப்தில் பெய்த மழையும் அன்று. அதன் பெரும்பகுதி எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் பெய்து வந்து சேர்வது. 1970இல் நிறைவுற்ற அஸ்வான் உயர் அணை எகிப்துக்கு ஆண்டு முழுவதும் நீர் வழங்கியது. ஆனால் வயலுக்கு வந்த வண்டலையும் தடுத்தது. எத்தியோப்பியாவோ மின்சாரத் தேவைக்காக நீல நைலில் 2011இல் தொடங்கிய பேரணையை 2025இல் திறந்துவைத்தது. தனக்கு வரும் நீர் குறையுமோ என எகிப்து அஞ்சுகின்றது. இரு நாடுகளிலும் 10 கோடிக்கு மேற்பட்ட மக்கள் உள்ளனர். இங்கு காலநிலை, வளம், குடித்தொகை ஆகிய மூன்றையும் தனித்தனித் தலைப்புகளாகப் பிரித்து எழுத முடியுமா?

வளம் நிறைந்த இடத்தில் மக்கள் செறிவர் என்பதும் எப்போதும் பொருந்தாது. யப்பானின் பெரும்பகுதி மலைநிலம். எண்ணெய் அனேகமாக முழுவதும் இறக்குமதியாகின்றது. ஆயினும் அங்கு 12 கோடிக்கு மேற்பட்டோர் வாழ்கின்றனர். இரும்புத்தாதும் நிலக்கரியும் மிக்க அவுஸ்திரேலியாவில் 3 கோடிப் பேர்கூட இல்லை.

எமது நாட்டிலேயே சான்று உண்டு. யாழ்ப்பாணக் குடாநாடு உலர் வலயத்தில் அமைந்தது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அங்கு இல்லை. ஆயினும் மக்கள் செறிந்து வாழ்கின்றனர். மாரிமழை நீரைச் சுண்ணக்கற் படை தேக்கி வைக்கின்றது. மக்கள் கிணறு வெட்டித் தோட்டம் செய்தனர். ஆனால் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கிணற்றில் உவர் ஏறும். மிகையாக இட்ட உரம் நிலத்தடி நீரில் நைத்திரேற்றாகச் சேரும். மக்களை வாழவைத்த வளத்தை அம்மக்களின் பாவனையே குறைக்கவும் கூடும்.

அப்படியாயின் காலநிலை முக்கியமில்லையா எனக் கேட்பீர்கள். முக்கியமே. அது எல்லைகளை வகுக்கின்றது. அவ்வெல்லைக்குள் எவ்வாறு வாழ்வது என்பதை மனிதரின் தொழினுட்பமும் முடிவுகளும் தீர்மானிக்கின்றன. "வறட்சியே வறுமைக்குக் காரணம்" என எழுதி நிறுத்தினால், இருக்கும் நீர் யாருக்கு, எவ்வளவு, எவ்வாறு பகிரப்படுகின்றது என்ற கேள்வி எழாமலே போய்விடும். நாளை இந்நாட்டின் நீரையும் நிலத்தையும் பற்றி முடிவெடுக்கப்போகிறவர்கள் நீங்கள். அக்கேள்வியை இப்போதே கேட்கப் பழகுங்கள்.

இதற்கு ஒரு பயிற்சி. தேசப்படப் புத்தகத்தில் உலக மழைவீழ்ச்சிப் படத்தையும் குடியடர்த்திப் படத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்தாத ஐந்து இடங்களைக் குறியுங்கள். நீர் எங்கிருந்து வருகின்றது, உணவு எவ்வாறு கிடைக்கின்றது, அதனால் எவர் பயனடைகின்றனர், எவர் பாதிக்கப்படுகின்றனர் என ஒவ்வோர் இடத்துக்கும் ஐந்து வரிகள் எழுதுங்கள். பரீட்சையில் அவற்றுள் ஒன்றை உதாரணமாகக் காட்டி விளக்கினால், உங்கள் விடை வெறும் பட்டியலாக இராது.