பந்தயக் கிளட்சும் பட்டணத்துத் தெருவும்

2020 முதல் 2025 தொடக்கம் வரை நம் நாட்டில் தனியார் கார் இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. அக்காலத்தில் பழைய ஹொண்டா சிவிக், லான்சர் கார்களுக்கு மவுசு கூடியது. உதிரிப்பாகம் விற்கும் நமக்கும் யாவாரம் நடந்தது. அதிலே நான் செய்த பிழையைச் சொல்கிறேன்.

"நானா, ரேஸ் கிளட்ச் ஒன்று வேணும்" என்றார் ஒரு தம்பி. ஒரு கேள்வியும் கேட்காமல், இலாபம் கூடிய செரமிக் தட்டைக் கொடுத்தேன். நுவரெலியா மகாகஸ்தோட்ட மலையேற்றப் பந்தயத்துக்கு அது பொருந்தும். அதிக சூட்டைத் தாங்கும். ஆனால் ஆஸ்பத்திரி வீதி நெரிசலில் அரைக் கிளட்சில் ஊர்ந்தால் பட்டென்று பிடிக்கும், கார் குலுங்கும், பிளைவீலும் சீக்கிரம் தேயும். இரண்டே மாதத்தில் அவர் மீண்டும் கியர்பெட்டியைக் கழற்ற வேண்டி வந்தது. கூலி இரட்டிப்பு. என் கடைப்பக்கம் அவர் பிறகு வரவேயில்லை.

இப்போது மூன்று கேள்வி கேட்கிறேன். என்ஜினில் வலுக் கூட்டினீர்களா? தினமும் ஓடும் காரா? பிளைவீலைக் கடைசல் பிடித்தீர்களா? என்ஜினில் கைவைக்காத காருக்குக் கம்பனித் தரத்துக் கிளட்சே போதும். டர்போ பூட்டியவருக்கும், வழமையான ஓர்கானிக் தட்டோடு சற்றுப் பலமான பிரஷர் பிளேட்டையே முதலில் காட்டுவேன். ஸ்பிரிங் மிகக் கடினமானால் காலும் நோகும், என்ஜினுக்கும் பாரம்.

விலை குறைந்த சாமானைச் சொல்வதால் அன்றைய இலாபம் குறையலாம். ஆனால் வாடிக்கையாளர் நம்மிடம் தருவது காசு மட்டுமல்ல, அமானிதமும்தான்.