செயற்கை கால் செய்பவர்களை நெருக்கும் சட்டம்: கால் இழந்தவர்களுக்கு லாபமா, அலைச்சலா?

கண்டாச்சிபுரம்:

சர்க்கரை வியாதியில் காலை இழந்தவர், பைக் விபத்தில் முழங்காலுக்கு கீழே போனவர், சின்ன வயசில் போலியோ வந்து கால் சூம்பியவர். இவர்கள் எழுந்து நடக்க செயற்கை காலோ, காலிப்பரோ வேண்டும். அதை அளவெடுத்து செய்து தரும் சின்ன சின்ன தனியார் மையங்களை மத்திய அரசின் மருத்துவ சாதன சட்டங்கள் ஒவ்வொன்றாக நெருங்கி வருகின்றன. இது மையக்காரர்களின் பிரச்சினை மட்டும் அல்ல. அந்த காலை மாட்டிக்கொண்டு வேலைக்கு போகிறவரின் பிரச்சினையும்தான்.

என்ன சட்டம்?

2017-ல் மருத்துவ சாதன விதிகள் வந்தன. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவ சாதனங்களும் மருந்து சட்டத்தின் கீழ் கொண்டு வரப்பட்டன. மாத்திரை, ஊசிக்கு உள்ளது போல சாதனங்களுக்கும் பதிவு, லைசென்சு என்று ஆனது. ஆபத்து குறைந்த ‘ஏ’ வகுப்பில், கிருமி நீக்கம் தேவைப்படாத, அளவு காட்டாத சாதனங்களுக்கு மட்டும் 2022 அக்டோபரில் லைசென்சில் இருந்து விலக்கு கிடைத்தது. அதற்கும் ஆன்லைனில் பதிவு உண்டு.

இதற்கிடையே 1940-ம் ஆண்டு மருந்து சட்டத்துக்கு பதிலாக புது மசோதாவின் வரைவை மத்திய சுகாதார அமைச்சகம் 2022 ஜூலையில் வெளியிட்டது. மருத்துவ சாதனங்களுக்கு தனி ஆலோசனை வாரியம், தனி அதிகாரிகள் என்று அதில் சொல்லப்பட்டது. 2023 மழைக்கால கூட்டத்தொடரின் பட்டியலில் இடம் பிடித்தும் அப்போது தாக்கல் ஆகவில்லை.

யார் செய்யலாம்?

இன்னொரு பக்கம் 1992-ம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம். செயற்கை உறுப்பு நிபுணர்கள் இந்த கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். பதிவு இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை ஜெயில், 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அந்த சட்டம் எழுதியது. வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இதற்கென பட்டப்படிப்பே நடக்கிறது.

இந்த கண்டிப்பு தேவைதான். அரைகுறையாக செய்த கால், கட்டையான தொடையிலும் முழங்காலிலும் உரசி புண்ணாக்கும். சர்க்கரை நோயாளிக்கு உணர்வு குறைவு, வலியே தெரியாது. புண் முற்றினால் இன்னும் கொஞ்சம் மேலே வெட்ட வேண்டி வரும். ஆகவே கண்டவர் எல்லாம் கால் செய்யக்கூடாது என்பதில் மறுபேச்சு இல்லை.

சிக்கல் எங்கே?

செயற்கை கால் என்பது கடையில் வாங்கி மாட்டும் செருப்பு மாதிரி கிடையாது. பாதமும் குழாயும் கம்பெனியில் இருந்து வரலாம். ஆனால் வெட்டிய இடம் உள்ளே உட்காரும் ‘சாக்கெட்’ ஆளுக்கு ஆள் வேறு. மாவுக்கட்டு போட்டு அச்சு எடுத்து, அதை சீவி சரி செய்து, மாட்டிப் பார்த்து, நடக்க வைத்து பார்க்க வேண்டும். ஆபரேஷன் முடிந்த சில மாதங்களில் வீக்கம் வடிந்து கால் மெலியும். நேற்று இறுக்கமாக இருந்தது இன்று லொடலொடக்கும். அப்போது மறுபடி சரி செய்ய ஆள் பக்கத்தில் இருக்கணும்.

ஆயிரக்கணக்கில் பொருள் தயாரிக்கும் கம்பெனிக்கு பதிவேடு, தர ஆவணம் எல்லாம் பார்க்க தனி ஆள் உண்டு. மாசத்துக்கு சில கால்கள் செய்யும் மையத்தில் மாவு குழைப்பவரும் அவரே, பில் போடுபவரும் அவரே. இருவருக்கும் ஒரே காகித சுமை என்றால் சின்னவர் கடையை மூடுவார்.

2017 விதிகள் இந்த வித்தியாசத்தை உணர்ந்தே இருந்தன. டாக்டர் எழுதிக் கொடுத்து, ஒரே ஒரு நோயாளிக்காக செய்யும் சாதனத்தை மொத்த தயாரிப்பில் சேர்க்காமல் தனியாக வரையறுத்தன. புது சட்டத்திலும் இந்த வரி விட்டுப்போகாமல் இருக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் இதே இழுபறி நடந்தது. தகுதி உள்ளவர் செய்த உறுப்புக்கே மெடிக்கேர் காப்பீட்டில் பணம் என்று 2000-ல் சட்டம் வந்தது. அதற்கான விதியை 2017 ஜனவரியில் முன்மொழிந்த அரசு, அதே ஆண்டு அக்டோபரில் வாபஸ் வாங்கியது.

நம்ம ஊருக்கு என்ன?

கண்டாச்சிபுரம் தாலுகாக்காரருக்கு பெரிய அரசு ஆஸ்பத்திரி என்றால் முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிதான். விழுப்புரம் போய் பஸ் மாற வேண்டும். சென்னை கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவமனை என்றால் ஒரு நாள் போச்சு. துணைக்கு வருபவரின் கூலியும் போச்சு. இலவசமாக கால் கிடைத்தாலும், தேய்ந்த பட்டையை மாற்றவும் கழன்ற திருகை முடுக்கவும் ஒவ்வொரு தடவையும் இப்படி ஓட முடியுமா? கடைசியில் கால் பரண் மேல் ஏறும், ஆள் மறுபடி கம்பு ஊன்றுவார்.

படித்தவருக்கு பதிவு கட்டாயம் ஆகட்டும். பட்டறையில் பழகி கை தேர்ந்தவர்களுக்கு குறுகிய பயிற்சி கொடுத்து, பதிவு பெற்றவரின் மேற்பார்வையில் ரிப்பேர் வேலை பார்க்க வழி வரட்டும். தாலுகா ஆஸ்பத்திரிகளில் மாதம் ஒரு நாள் ரிப்பேர் முகாம் நடந்தால் பாதி அலைச்சல் தீரும்.

அதுவரை செயற்கை கால் வாங்குபவர்கள் மூன்றை மறக்க வேண்டாம். செய்பவரின் மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணை கேளுங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் அளவு கொடுக்காதீர்கள். பின்னால் சரி செய்து தருவாரா என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.