வாள் போதும், அரிசி பத்திப் பேசுவோம்

போர்க் கதைன்னு சொன்னதும் நம்ம ஃபீடில் என்ன வருது? ஸ்லோ மோஷனில் ஒரு வாள், பின்னாடி அதிரும் பிஜிஎம். ரோமானியப் படைன்னாலும் அதேதான்: சிவப்பு அங்கி, கேடயம், கர்ஜனை. பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு படையை நிற்க வைப்பது வாள் இல்லை. சோறும் ரோடும்தான் என்பது என் கருத்து.

ரோமானியப் படையின் மிகச் சின்னக் குழு 8 பேர். அந்த 8 பேருக்கு ஒரு கூடாரம், சுமை தூக்க ஒரு கோவேறு கழுதை, கோதுமை அரைக்க ஒரு கல் திரிகை. இப்படி 10 குழு சேர்ந்தால் ஒரு செஞ்சுரி. பேர்தான் செஞ்சுரி, ஆள் 80! ஒரு லீஜியனில் சுமார் 5,000 பேர். எதிரி நாட்டில் நாள் முழுக்க நடந்துட்டு, சாயங்காலம் அகழி வெட்டி, மண் கரை போட்டு, முகாம் அமைச்ச பிறகுதான் தூக்கம். பல ரோடுகளைப் போட்டதும் இதே சிப்பாய்கள்தான். பாதி நேரம் சிவில் டிபார்ட்மென்ட், மீதி நேரம் படை!

இதைப் புரிஞ்சுக்க ரோம் வரைக்கும் போக வேண்டாம். திருவண்ணாமலையில் பெங்களூர் பஸ் ஏறினா வழியில் செங்கம் வரும். 1767 செப்டம்பரில் அங்கே கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படை, ஹைதர் அலி - நிஜாம் கூட்டுப் படையைத் தோற்கடித்தது. ஆனா ஜெயிச்ச படைக்குச் சாப்பாடு இல்லை. எதிரியைத் துரத்தாமல், தானியம் தேடித் திருவண்ணாமலைக்கு வந்தது. அதே மாதக் கடைசியில் நம்ம ஊர்ப் பக்கத்திலும் ஒரு சண்டை. அதிலும் ஹைதருக்குத் தோல்விதான்.

அப்போ கதை முடிஞ்சுதா? இல்லை. கம்பெனியிடம் போதுமான குதிரைப்படை இல்லை. மாட்டு வேகத்தில்தான் அதன் தானியமும் நகர்ந்தது. ஹைதரிடம் குதிரை இருந்தது. ரெண்டு சண்டை தோற்ற அதே ஆள் 1769இல் மதராஸ் வாசலில் வந்து நின்றார். கம்பெனி சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது.

"சண்டை போட்டவனுக்குத்தானே பெருமை?"ன்னு கேட்கலாம். நம்ம மாவட்டத்து நடுகற்களைப் பாருங்க. செங்கம் வட்டாரத்தில் நிறைய கல், மாடு கவர்ந்த சண்டையிலும் மாடு மீட்ட சண்டையிலும் செத்தவங்களுக்கு வெச்சது. மாடுதான் அன்னைக்குப் பால், ஏர், சொத்து எல்லாமே. எடுத்தனூர் கல்லில், எருமைகளைக் காத்து விழுந்த கருந்தேவகத்தியோடு, கள்ளர் ரெண்டு பேரைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்கும் இடம் உண்டு. பல்லவர் காலக் கல் அது. ஊரின் சோத்தைக் காப்பாத்தினா நாய்க்கும் பேர் நிக்கும்னு நம்ம ஆட்களுக்கு அப்பவே தெரியும்.

அதனால நம்ம தமிழ் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரைப் போட்டிக்கு மறுபடியும் "வீரம்"னு தலைப்பு வைக்காதீங்க. "அந்தப் படைக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எங்கிருந்து வந்தது?"ன்னு வைங்க. மெக்கானிக்கல், சிவில் மக்களும் பேர் கொடுப்பாங்க.